வென்ஸ்லிடேல் கல் பண்ணைவீடு: சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம், என்ன செய்யலாம்?

மேட்டுநிலம்:

எல்லோருக்கும் வணக்கம். யார்க்‌ஷயர் டேல்ஸில், வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கின் மேற்குக் கோடியில் ஒரு பழைய கல் பண்ணைவீட்டை வாங்கலாம் என்று நானும் மனைவியும் முடிவு செய்திருக்கிறோம். விலை பேசியாயிற்று, பத்திரம் இன்னும் ஆகவில்லை. வாசல் லிண்டலில் ஆண்டு செதுக்கியிருக்கிறது. 16 நன்றாகத் தெரிகிறது, அடுத்தது 8 மாதிரி, கடைசி எண்ணை மழை தின்றுவிட்டது. வீடு நீளமானது, தாழ்வானது. நடுவில் பெரிய அறை, அதில் நாலு பேர் நின்று குளிர்காயலாம் போன்ற ஒரு அடுப்படி. மேல்கோடியில் சின்ன அறை. கீழ்க்கோடியில் இரண்டு படி இறங்கினால் இப்போதைய உரிமையாளர்கள் சாப்பாட்டு அறையாக வைத்திருக்கும் நீண்ட அறை.

சிக்கல் அந்தச் சாப்பாட்டு அறையில்தான். கடைசிச் சுவரிலும் அதையொட்டிய பக்கச் சுவரிலும் முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் கொப்பளித்து நிற்கிறது. கை வைத்தால் பூச்சு மாவாக உதிர்கிறது. வீட்டைச் சோதித்து அறிக்கை தர வந்த சர்வேயர் இரண்டு ஊசிமுனை உள்ள மீட்டரைச் சுவரில் குத்தினார், அது விடாமல் கத்தியது. கீழிருந்து ஓதம் ஏறுகிறது, அடிச்சுவரில் வரிசையாகத் துளை போட்டு ரசாயனம் செலுத்த வேண்டும், பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் புகாத சிமென்ட் பூச வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். வீடு, பாரம்பரியக் கட்டடம் என்று சட்டப்படி பாதுகாக்கும் பட்டியலில் இரண்டாம் தரத்தில் உள்ளது.

மூன்று நூற்றாண்டுக்கு மேல் நின்ற சுவரில் துளை போடச் சொன்னதும் மனம் ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தெற்குவாசல்:

போட்டுவிடுங்கள் நண்பரே. எங்கள் வீடு 1930களில் கட்டிய செங்கல் வீடு. சமையலறைச் சுவரில் இதே போல ஓதம் இருந்தது. ரசாயனம் செலுத்தினோம், ஆறு வருடமாகத் தொந்தரவு இல்லை. இன்னொன்று, சர்வே அறிக்கையில் ‘ஓதம்’ என்ற சொல் இருந்தாலே கடன் கொடுக்கும் வங்கி ஒரு தொகையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேலை முடிந்த சான்றிதழ் கையில் இருந்தால் அந்தத் தலைவலி இல்லை. குளிர்காலம் வருவதற்குள் முடித்துவிடுங்கள்.

கொத்தனார் மகள்:

மேட்டுநிலம், தயவுசெய்து ஒன்றும் செய்யாமல் கொஞ்சம் பொறுங்கள். நான் வடக்கு இங்கிலாந்தில் பதினோரு வருடமாகப் பழைய கட்டடங்களில் சுண்ணாம்பு வேலை செய்கிறேன். நீங்கள் சொல்வது போன்ற சுவர்களைச் சிமென்ட்டிலிருந்து விடுவிப்பதுதான் என் வேலையில் பாதி.

முதலில் சுவர் எப்படிக் கட்டியது என்று பாருங்கள். வெளிமுகம் ஒரு வரிசைக் கல், உள்முகம் ஒரு வரிசைக் கல், நடுவில் உடைகல்லும் மண்ணும் சுண்ணாம்பும் போட்டு நிரப்பியது. இரண்டு முகமும் பிரிந்து விலகாமல் இருக்க அங்கங்கே நீளக் கல்லைக் குறுக்கே போட்டுப் பிணைத்திருப்பார்கள், இங்கே கொத்தனார்கள் அதை ‘த்ரூ’ என்பார்கள். மொத்தக் கனம் 60, 70 சென்டிமீட்டர் வரும். அஸ்திவாரம் என்று பெரிதாக எதுவும் இருக்காது, மேல்மண்ணை எடுத்துவிட்டுப் பெரிய கற்களை உட்கார வைத்திருப்பார்கள். ஈரம் மேலே ஏறாமல் அடிச்சுவரில் வைக்கும் ஓதத் தடுப்புப் பட்டை கிடையாது. அப்படி ஒன்று தேவைப்படாத மாதிரிதான் கட்டினார்கள்.

இந்தச் சுவர் மழையில் நனையும், காற்றில் காயும். நனைந்த ஈரம் வெளியேறும் வழி கல் இல்லை, கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் உள்ள சுண்ணாம்புக் காரை. சுண்ணாம்பு கல்லைவிட மெத்தென்றது, அதில் நுண்துளைகள் உண்டு. வீடு கொஞ்சம் அசைந்தால் அது வளைந்து கொடுக்கும். காலப்போக்கில் தேய்ந்து போவதும் அதுதான். தேய்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம், கல்லுக்கு ஒன்றும் ஆகாது.

1824இல் லீட்ஸைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். டேல்ஸுக்குப் பக்கத்து ஊர்தான். அடுத்த நூற்றாண்டில் அது எல்லா இடத்துக்கும் பரவியது, பண்ணைவீட்டுச் சுவர்களுக்கும் வந்தது. சிமென்ட் இறுகினால் வளையாது. மயிரிழை மாதிரி வெடிப்பு விடும். அதன் வழியாக மழைநீர் உள்ளே போகும், திரும்பி வர வழி இருக்காது. அப்போது ஈரம் கல்லின் வழியாக வெளியேறப் பார்க்கும். உறைபனி பிடித்ததும் கல்லின் முகம் தகடு தகடாகப் பெயர்ந்து விழும். சிமென்ட் பாயிண்டிங் செய்து, அதாவது கல் இடுக்குகளைச் சிமென்ட்டால் பூசி அடைத்து, முப்பது வருடம் ஆன மணற்கல் சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். சிமென்ட் கோடுகள் விலா எலும்பு மாதிரித் துருத்திக்கொண்டு நிற்கும், கல் இரண்டு விரல் ஆழம் குழிந்து போயிருக்கும். முதல் தடவை அதைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம் அந்த மீட்டர். இரண்டு முனைக்கும் நடுவில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்க்கும் கருவி அது, மரத்துக்கென்று அளவு குறித்தது. சுவரில் உப்பு இருந்தாலும் மின்சாரம் பாயும், மீட்டர் கத்தும். அது கத்தியதை மட்டும் வைத்துக் கீழிருந்து ஓதம் ஏறுகிறது என்று யாரும் முடிவு சொல்ல முடியாது.

சில விஷயங்கள் கேட்கிறேன். வெளியே அந்தச் சுவரை ஒட்டி மண் எவ்வளவு உயரம் இருக்கிறது? அறைக்குள் தரை என்ன, பாவுகல்லா கான்கிரீட்டா? மழைநீர்க் குழாய் எங்கே இறங்குகிறது? பாயிண்டிங் என்ன நிறம்? எல்லாவற்றையும் விட முக்கியம், அந்த அறை முன்பு என்னவாக இருந்தது?

ஊர்சுற்றி:

அக்கா கேட்ட கடைசிக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு வருகிறேன். இரண்டு படி இறங்கும் கீழ்க்கோடி அறை என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

வீட்டை வாங்குவதற்கு முன் முடிந்தால் ஏரி மாவட்டத்தில் டிரவுட்பெக் கிராமத்துக்குப் போய் ‘டவுன்எண்ட்’ வீட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். வின்டர்மியரிலிருந்து கிட்டத்தான். பிரவுன் என்ற விவசாயக் குடும்பம் 1626இலிருந்து 1943 வரை அங்கே தொடர்ந்து வாழ்ந்தது. இப்போது பழைய வீடுகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு பராமரிக்கிறது. ஒரே குடும்பம் முந்நூறு வருடம் இருந்ததால், வீட்டில் எந்த அறை எதற்கு என்பது அழியாமல் இருக்கிறது. வெளியே சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர், மேலே ஸ்லேட் கூரை, உருண்டையான புகைபோக்கிகள். அங்கே கிடைக்கும் ஸ்லேட் கல்லில் நேரான மூலை எடுப்பது கஷ்டம். அதனால் அந்த வட்டாரத்தில் புகைபோக்கியை வட்டமாகவே அடுக்கிவிடுவார்கள்.

உள்ளே போனால் இரண்டு பெரிய பகுதி. ஒன்று ‘ஃபயர்ஹவுஸ்’, அதாவது அடுப்பெரியும் வீடு. குடும்பம் சாப்பிட்டது, பேசியது, உட்கார்ந்து வேலை செய்தது எல்லாம் அங்கேதான். இன்னொன்று ‘டௌன் ஹவுஸ்’, நம் பேச்சில் கீழ்வீடு என்று வைத்துக்கொள்ளலாம். துவைப்பது, பியர் காய்ச்சுவது, ஊறுகாய் போடுவது மாதிரி ஈரமும் ஆவியும் உள்ள வேலைகளெல்லாம் அங்கே. ஓக் மரத்தில் செதுக்கிய அலமாரிகள் சுவரோடு சுவராகப் பதிந்திருக்கின்றன. ஒன்றின் கதவை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். கைபடும் இடத்தில் மட்டும் செதுக்கல் மழுங்கிப் பளபளவென்று இருந்தது. எதிரே சரிவில் கட்டிய களஞ்சியம். கீழ்த்தளத்தில் மாடு, மேல்தளத்தில் வைக்கோல். மேட்டுப் பக்கத்திலிருந்து வண்டி நேராக மேல்தளத்துக்குள் போகலாம்.

டேல்ஸில் பல வீடுகளில் களஞ்சியம் எதிரே தனியாக நிற்காது, வீட்டோடு ஒரே கூரையின் கீழ் ஒட்டிக்கொண்டே இருக்கும். மனிதர் ஒரு பக்கம், மாடு ஒரு பக்கம். மாட்டுப் பக்கம் எப்போதும் சரிவின் கீழ்ப்புறம். காரணம் சொல்லத் தேவையில்லை. உங்கள் சாப்பாட்டு அறை எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

உங்கள் லிண்டலில் ஆண்டோடு எழுத்து ஏதாவது உண்டா? முக்கோணமாக மூன்று எழுத்து இருந்தால், மேலே உள்ளது குடும்பப் பெயரின் முதல் எழுத்து, கீழே இடப்பக்கம் கணவர், வலப்பக்கம் மனைவி. அந்த ஆண்டு வீடு கட்டிய ஆண்டாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கல்யாணம் ஆன ஆண்டாக இருக்கலாம், பழைய மரவீட்டைக் கல்லாக மாற்றிய ஆண்டாகவும் இருக்கலாம். 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வடக்கே நிறைய குடும்பங்கள் மரத்தையும் மண்ணையும் விட்டுக் கல்லுக்கு மாறின. தெற்கில் அது ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

மேட்டுநிலம்:

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. லிண்டலில் மூன்று எழுத்து இருக்கிறது, நீங்கள் சொன்ன முக்கோணமேதான். என் மனைவி அதைப் படம் எடுத்து ஃபோனில் முகப்பாக வைத்திருக்கிறாள். கீழே உள்ள இரண்டும் கணவன் மனைவி என்று சொன்னதும் அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

கொத்தனார் மகள் அக்கா, நேற்று மறுபடி போனேன். வெளியே கடைசிச் சுவரை ஒட்டி பூச்செடிப் பாத்தி. அதன் மண் அறையின் தரையைவிட ஒரு முழம் உயரம் இருக்கிறது. அறைக்குள் கான்கிரீட், மேலே ஓடு ஒட்டியிருக்கிறார்கள். பாயிண்டிங் சாம்பல் நிறம், திட்டுத் திட்டாக வெளியே பிதுங்கியிருக்கிறது. மழைநீர்க் குழாய் நன்றாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று கவனித்தேன். போன வாரம் மழையன்று போனபோது சுவர் கருத்து ஈரமாக இருந்தது. நேற்று இரண்டு நாள் வெயிலுக்குப் பிறகு அதே இடம் வெளுத்து, பஞ்சு மாதிரி உப்பு பூத்திருந்தது. வெளியே நின்று பார்த்தால் பெரிய அறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு நேர்க்கோடு. இரண்டு பக்கக் கற்களும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளவே இல்லை. இது ஆபத்தான வெடிப்பா?

பரண்:

ஆபத்து இல்லை, பயப்படாதீர்கள். வெடிப்பு என்றால் கல்லைத் தேடிக் கோணல்மாணலாக ஓடும். நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தால் அது இரண்டு காலத்துக் கட்டுமானம் சந்திக்கும் இடம். ஒன்று முதலில், இன்னொன்று பிறகு. எந்தப் பக்கத்தில் பெரிய மூலைக்கற்கள் அடுக்கியிருக்கிறது என்று பாருங்கள். மூலைக்கல் உள்ள பக்கம்தான் முதலில் கட்டியது, ஒரு காலத்தில் வீடு அங்கே முடிந்தது.

மாட்டுத் தொழுவம் பற்றி ஊர்சுற்றி சொன்னதற்கு மேல் ஒன்று சேர்க்கிறேன். நான் தெற்கே டெவனில் இருக்கிறேன். டார்ட்மூரில் பவுண்ட்ஸ்கேட் அருகே ‘ஹையர் அப்பகாட்’ என்று ஒரு வீடு, முதல் தரப் பட்டியலில் உள்ளது. 14ஆம் நூற்றாண்டில் வேர் உள்ள கருங்கல் நீள்வீடு. இந்த வகை வீட்டில் மாடும் மனிதரும் ஒரே வாசலில் நுழைவார்கள், உள்ளே போய் ஒருவர் மேற்புறம் திரும்புவார், மற்றது கீழ்ப்புறம். கூடத்தில் ஆரம்பத்தில் புகைபோக்கியே கிடையாது. நடுத்தரையில் நெருப்பு, புகை கூரை வழியாகக் கசிந்து போகும். அந்தப் புகை படிந்து கருத்த வைக்கோல் இன்னும் கூரையின் அடியில் இருக்கிறது. அந்த வீட்டின் பெருமை தொழுவம் தொழுவமாகவே மிஞ்சியிருப்பது. நடுவில் ஓடும் கல் வாய்க்கால், கடைசிச் சுவரில் அது வெளியேறும் துவாரம், எல்லாம் அப்படியே. மற்ற நீள்வீடுகளில் பெரும்பாலும் தொழுவத்தைச் சாப்பாட்டு அறையாகவோ சமையலறையாகவோ மாற்றிவிட்டார்கள்.

இப்போது உங்கள் உப்புக்கு வருகிறேன். மாட்டு மூத்திரம் தலைமுறை தலைமுறையாகச் சுவரின் அடியில் ஊறினால் நைட்ரேட் உப்பு கல்லுக்குள் தங்கிவிடும். அந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மழைநாளில் சுவர் கருக்கும், வெயிலில் வெளுத்துப் பூக்கும், நீங்கள் கண்ணால் பார்த்தது அதுவே. மாடு போய் எவ்வளவு காலம் ஆனாலும் உப்பு போகாது. ரசாயனம் செலுத்தினால் இந்த ஈரம் எப்படி நிற்கும்? அது கீழிருந்து மட்டும் வரவில்லையே.

தெற்குவாசல்:

நான் முதலில் எழுதியதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். எங்கள் வீடும் இதுவும் ஒன்றல்ல என்று புரிகிறது. ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது, அதை மழுப்பாமல் கேட்டுவிடுகிறேன்.

> சுண்ணாம்பு கல்லைவிட மெத்தென்றது, அதில் நுண்துளைகள் உண்டு.

சரி. ஆனால் அந்த வீட்டில் குழந்தைகள் வளர வேண்டும். டேல்ஸ் குளிர் சாதாரணக் குளிர் இல்லை. அந்தக் காலத்தில் அடுப்பு இரவும் பகலும் எரிந்தது, சுவர் காய்ந்தது. இன்று யார் அப்படி எரிப்பார்கள்? கதவு ஜன்னலில் காற்று புகாமல் பட்டி ஒட்டுகிறோம், உள்ளேயே துணி உலர்த்துகிறோம், தினமும் இரண்டு முறை வெந்நீர்க் குளியல். பழைய முறையில் கட்டிய வீட்டைப் பழைய முறையிலேயே வைத்திருங்கள் என்றால், பழைய முறையில் வாழவும் சொல்கிறீர்களா? வீடு குடியிருக்கத்தானே. அருங்காட்சியகமாக வைப்பதற்கு டவுன்எண்ட் இருக்கிறது.

கொத்தனார் மகள்:

தெற்குவாசல், இந்தக் கேள்விதான் இந்த இழையில் கேட்க வேண்டிய கேள்வி. நான் வேலை செய்யும் வீடுகளில் எல்லாம் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் குளிரில் நடுங்கினால் வேலையை நான் சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம்.

நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. இந்த வீட்டின் பாதி இயந்திரம் அடுப்பு. பெரிய அறையில் எரியும் நெருப்பு அறைக்காற்றை உறிஞ்சிப் புகைபோக்கி வழியாக வெளியே தள்ளும், ஈரமும் அதோடு போகும். அந்த அடுப்பை அடைத்துவிட்டு, சுவரையும் சிமென்ட் வைத்து மூடிவிட்டு, உள்ளே ஆவியைப் பெருக்கினால் ஈரம் எங்கே போகும்? அதனால் அடுப்பு இல்லையென்றால் அதன் வேலையை வேறொன்று செய்ய வேண்டும். சமையலறையிலும் குளியலறையிலும் நல்ல வெளியேற்று விசிறி, புகைபோக்கியை முழுதாக அடைக்காமல் ஒரு காற்றுவழி, மெதுவாக ஆனால் இடைவிடாமல் வரும் சூடு.

சூடு தங்குவதற்கும் வழி இருக்கிறது. சுவரின் உள்பக்கம் மரநார்ப் பலகை வைத்து மேலே சுண்ணாம்புப் பூச்சு, அல்லது சணல் தண்டும் சுண்ணாம்பும் கலந்த பூச்சு. இரண்டும் ஈரத்தை வாங்கி விடும், அடைக்காது. உடம்பு குளிர்வதற்குக் காரணம் பெரும்பாலும் சுவர் ஈரமாக இருப்பதுதான். ஈரமான சுவர் வெப்பத்தை வேகமாகக் கடத்தும். சுவரைக் காயவிட்டாலே வித்தியாசம் தெரியும். நிஜமான பழைய சுவர்களில் கருவி வைத்து அளந்து பார்த்தபோது, ஏட்டுக் கணக்கு சொன்னதைவிடக் குறைவான வெப்பமே வெளியேறியது என்று பல இடங்களில் தெரிய வந்தது.

மேட்டுநிலம், உங்களுக்குச் சட்டம் பற்றி ஒன்று. இங்கிலாந்தில் கட்டடங்களைப் பட்டியலிடும் முறை 1947 சட்டத்தில் வலுப்பெற்றது. பட்டியலில் உள்ளவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இரண்டாம் தரம்தான். அதனால் இரண்டாம் தரம் என்றால் லேசு என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். எந்தத் தரமானாலும் கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் வேலையை அனுமதி இல்லாமல் செய்வது குற்றம். உள்சுவருக்கும் இது பொருந்தும். முன்பிருந்தவர் அனுமதி இல்லாமல் செய்த வேலையைச் சரிசெய்யச் சொல்லி இன்றைய உரிமையாளருக்கு நோட்டீஸ் வரலாம், அதற்குக் காலக்கெடு கிடையாது. ஆகவே அந்தக் கான்கிரீட் தரை எப்போது போட்டது, அனுமதி உண்டா என்று உங்கள் வழக்கறிஞர் மூலம் இப்போதே கேளுங்கள். உங்கள் பகுதிக்கு அனுமதி தர வேண்டியது யார்க்‌ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்கா ஆணையம்.

இன்னொரு சர்வேயரை வைத்துப் பாருங்கள், பழைய கட்டடங்களில் பழகியவர், ரசாயனம் விற்பவரோடு தொடர்பு இல்லாதவர். 1877இல் வில்லியம் மாரிஸ் தொடங்கிய பழைய கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இன்னும் இயங்குகிறது. தொழில்நுட்ப ஆலோசனைக்கென்றே தொலைபேசி வைத்திருக்கிறார்கள், காசு கேட்க மாட்டார்கள்.

ஊர்சுற்றி:

தலைப்பை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கூரையைப் பற்றி யாரும் பேசவில்லையே. வென்ஸ்லிடேலில் அநேகமாக மணற்கல் பலகைக் கூரையாக இருக்கும். பலகை பெரிது, கனம் அதிகம், அதனால் சரிவு குறைவு. கீழே பெரிய பலகை, மேலே போகப் போகச் சின்னது.

இதற்கு நேர்மாறு தெற்கே காட்ஸ்வோல்ட்ஸ் மலைப்பகுதியின் சுண்ணாம்புக்கல் கூரை, செங்குத்தாக ஏறும். ஆக்ஸ்ஃபோர்ட்‌ஷயரில் ஸ்டோன்ஸ்ஃபீல்ட் என்று ஒரு கிராமம். அங்கே பூமிக்கடியிலிருந்து கல்லை வெட்டி எடுத்து, காயவிடாமல் ஈரமாகவே வைத்திருந்து, குளிர்கால இரவுகளில் வயலில் பரப்பி வைப்பார்கள். கல்லுக்குள் இருக்கும் நீர் உறைந்து விரிந்து, ஏடு ஏடாகப் பிளந்து கொடுக்கும். உறைபனி வராத வருடம் பிழைப்பு கஷ்டம். ஒவ்வொரு அளவுக்கும் ஒரு செல்லப் பெயர், ‘பேச்சலர்’ என்றுகூட ஒன்று உண்டு.

இங்கே கொத்தனார் மகள் அக்கா கல்லை உறைபனி உடைப்பதைச் சொன்னார். அதே உறைபனியைக் கூலி இல்லாத வேலையாளாக வைத்துக்கொண்ட ஊரும் இருந்தது. எனக்கு இந்த இரண்டையும் சேர்த்து நினைக்கப் பிடிக்கும்.

பரண்:

கூரைக்கு அடியில் ஏற முடிந்தால் டார்ச் எடுத்துப் போங்கள் மேட்டுநிலம். பலகைகளை மரமுளையில் தொங்கவிட்டிருக்கிறார்களா, அடியில் முடி கலந்த சுண்ணாம்புக் காரை மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். உத்தரங்களில் தச்சர் குறி இருக்கும், ரோமன் எண் மாதிரி வெட்டியது. அடுப்படியின் குறுக்கு உத்தரத்தில் கண்ணீர்த்துளி வடிவில் கருகிய தடம் இருந்தால் தொட்டுப் பாருங்கள், விரல் உள்ளே இறங்கும். தீ பிடிக்காமல் இருக்கவும் கெட்டது அண்டாமல் இருக்கவும் மெழுகுத்திரியைச் சாய்த்துப் பிடித்து வேண்டுமென்றே சுட்டது என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அடுப்புப் பக்கம் சுவரில் தனியாக ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்கு வெளிச்சம் வர வைத்தது. அது இருந்தால் பழைய அடுப்பு எவ்வளவு அகலம் என்று தெரிந்துவிடும்.

மேட்டுநிலம்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நிறைய நடந்துவிட்டது.

சாப்பாட்டு அறையின் மேல் உத்தரத்தைச் சாரம் போட்டு ஏறிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் ஒரே இடைவெளியில் வரிசையாக வெற்றுப் பொளிகள், ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம். புதிய சர்வேயர் பார்த்த உடனே சொல்லிவிட்டார், மாடுகளுக்கு நடுவில் நின்ற தடுப்புகளின் கால் பொருந்திய இடம் என்று. இங்கே அந்தத் தடுப்புக்கு ‘போஸ்கின்’ என்று பெயர். கடைசிச் சுவரில் மேலே கல் வைத்து அடைத்த சதுரம் ஒன்று இருக்கிறது, நான் அதை ஜன்னல் என்று நினைத்திருந்தேன். வெளியே வண்டியில் நின்று வைக்கோலைக் கவையால் பரணுக்குத் தள்ளிய வாய் அது. நேர்க்கோட்டில் பெரிய மூலைக்கற்கள் பெரிய அறையின் பக்கம்தான் இருக்கின்றன. ஆக வீடு முதலில், தொழுவம் பிறகு.

உரிமையாளர் அம்மா மிகவும் நல்லவர். கேட்டதும் பூச்செடிகளைத் தானே பெயர்த்து வேறு இடத்தில் நட்டுவிட்டு, அங்கே மண்ணை எடுத்துப் பார்க்க விட்டார். சுவரின் அடி தெரியும்வரை கையாலேயே எடுத்தோம். ஒரு முழத்துக்குக் கீழே, தரைமட்டத்தில், மூன்று கல் சேர்த்துச் செய்த சின்ன வாய் வந்தது. மண் அடைத்துக் கிடந்தது. கரண்டியால் சுரண்டினேன், உள்ளே கை மணிக்கட்டு வரை போனது. கல்லின் அடிப்பக்கம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. தொழுவத்து வாய்க்கால் வெளியே வந்த இடம். மனைவியும் கை விட்டுப் பார்த்தாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

பெரிய அறையில் அடுப்புக்குப் பக்கத்து அலமாரியைத் திறந்தால் பின்னால் அடைத்த ஜன்னல். பரண் சொன்னதேதான்.

புதிய அறிக்கை வந்துவிட்டது. வெளிமண் உயர்ந்ததாலும், சிமென்ட் பாயிண்டிங்காலும், கான்கிரீட் தரை ஈரத்தைச் சுவர்ப் பக்கம் தள்ளுவதாலும், பழைய உப்பாலும் வந்த ஈரம், ரசாயனம் தேவையில்லை என்று எழுதியிருக்கிறார். வங்கி அதை ஏற்றுக்கொண்டது. தெற்குவாசல் சொன்ன பிடித்தம் எதுவும் இல்லை. அடுத்த மாதம் சாவி வாங்குகிறோம். வேலையை எங்கிருந்து தொடங்குவது?

தெற்குவாசல்:

மனமார்ந்த வாழ்த்துகள். வங்கி ஒத்துக்கொண்டதில் எனக்குத்தான் பெரிய நிம்மதி. கான்கிரீட் தரையை மட்டும் அவசரப்பட்டு உடைக்காதீர்கள், முதல் குளிர்காலத்தைக் கடந்து பாருங்கள் என்று இன்னும் சொல்வேன்.

கொத்தனார் மகள்:

தெற்குவாசல் சொல்வதை நானும் ஏற்கிறேன், தரை கடைசியில்தான். முதலில் வெளிமண். சுவரோரம் மண்ணை அறைத்தரைக்குக் கீழே போகும்வரை இறக்குங்கள், ஆனால் அடிக்கல்லுக்குக் கீழே ஒரு விரல்கூடப் போகாதீர்கள், சுவர் அதன்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தில் சல்லி போட்டு நீர் வெளியேற வாட்டம் கொடுங்கள். இதைப் பற்றிப் பூங்கா ஆணையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அந்தக் கல் வாயை அடைக்க வேண்டாம், வலை வைத்து விட்டுவிடுங்கள்.

உள்ளே உதிரும் பூச்சை மட்டும் எடுத்துவிட்டு சுவரைத் திறந்து விடுங்கள். பூக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் மறுபடி உள்ளே போய்விடும். ஒரு வருடம் காயட்டும். அப்புறம் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு. முதல் பூச்சு உப்பை வாங்கிக்கொண்டு சில வருடத்தில் கெட்டுப்போகும், கெட்டுப்போகத்தான் பூசுகிறோம். எடுத்துவிட்டு மறுபடி பூசினால் அடுத்தது அதிக நாள் நிற்கும்.

வெளிப் பாயிண்டிங்கை உறைபனி முடிந்த பிறகு, ஏப்ரல் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வட்டரம்பம் வேண்டாம், கல்லின் விளிம்பை வெட்டிவிடும். சின்ன உளியும் சுத்தியும் போதும். அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம் எடுத்து, நனைத்து, காரையைத் திணித்து, கொஞ்சம் இறுகியதும் கெட்டி மயிர் பிரஷ்ஷை நேராகக் குத்திக் குத்தி விடுங்கள். மேல்முகம் சொரசொரவென்று திறந்துகொள்ளும், ஈரம் அந்த வழியாக வரும். பிறகு சில நாள் ஈரச்சாக்கு போட்டு வெயில் படாமல் வையுங்கள். முதல் நாள் நான் வந்து கூட நிற்கிறேன், எனக்கு ஒன்றரை மணி நேரப் பயணம்தான்.

மேட்டுநிலம்:

வாருங்கள் அக்கா. பெரிய அறையில் அடுப்பு மூட்டி வைக்கிறோம், சாப்பாடு எங்கள் பொறுப்பு. சாக்கு எவ்வளவு வாங்கி வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். கடைசிச் சுவர் அகலம் ஆறு மீட்டர் வரும், மேலே கூரைக்கு அடியில் உள்ள முக்கோணப் பகுதியின் உயரத்தை இந்த வாரம் அளந்து எழுதுகிறேன்.